கேஸ் மாத்திரை: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. வீட்டு மாத்திரைகள் எல்லாம் அதில்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கவிழ்த்துச் சுத்தம் செய்தபோது, எனக்கென்று வாங்கிய அட்டைகளில் பாதிக்கு மேல் பான்டோபிரசோல் 40, அதாவது கேஸ் மாத்திரை. இதை எப்போது ஆரம்பித்தேன் என்று யோசித்தால், நான்கு வருடத்துக்கு முந்தைய ஓர் இடுப்புப் பிடிப்பில் போய் நின்றது. எலும்பு டாக்டர் பத்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் எழுதினார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று கூடவே, காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு கேஸ் மாத்திரை. பத்து நாளில் இடுப்பு சரியாகிவிட்டது, வலி மாத்திரையும் நின்றது. கேஸ் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெடிக்கலில் போய் நின்றாலே "அதே பான் தானே சார்?" என்று அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நடுவில் இரண்டு முறை நானாக நிறுத்திப் பார்த்ததுண்டு. மூன்றாம் நாளே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். சரி, நம் வயிறு அப்படிப்பட்டது போல என்று மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம்தான் குடும்ப வாட்ஸாப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. கேஸ் மாத்திரை போட்டால் கிட்னி போகும், எலும்பு உடையும், ஞாபக மறதி வரும் என்று. "ஏங்க, இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றாள் மனைவி. நிறுத்தினால் எரிகிறது, தொடர்ந்தால் பயமாக இருக்கிறது. வேறு மாத்திரைக்கு மாறலாம் என்றால் அதற்கும் ஒரு பட்டியல் இருக்கும்தானே? அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். வயிற்றில் அமிலம் சுரப்பதை மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று சுவிட்சுகள்: ஹிஸ்டமின், காஸ்ட்ரின், அசிட்டைல்கோலின். ஜெலுசில், டைஜீன் மாதிரி ஆன்டாசிட்டுகள் மோட்டாரைத் தொடுவதே இல்லை, வழிந்த தண்ணீரைத் துடைக்கின்றன, அவ்வளவுதான். ஃபாமோடிடின் போன்றவை ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் அணைக்கின்றன. பெயர் 'பிரசோல்' என்று முடிகிற மாத்திரைகளோ (ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ரபிபிரசோல்) மோட்டாரையே முடக்குகின்றன. 1988-இல் ஒமிபிரசோல் வந்த பிறகு வயிற்றுப்புண் மருத்துவமே மாறிப்போனதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: ஃபாமோடிடினோ பிரசோல்களோ நாம் 'கேஸ்' என்று சொல்கிற வாயுவைக் குறைப்பதற்கான மாத்திரை இல்லை. சொல்லப்போனால் பான்டோபிரசோலின் பக்கவிளைவுப் பட்டியலிலேயே வயிற்றில் வாயு சேர்வது இருக்கிறது. பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, நல்ல வேடிக்கை.

சரி, பயமுறுத்திய மாத்திரையிலிருந்தே தொடங்கலாம். பிரசோல்களின் சாதாரணப் பக்கவிளைவுகள் தலைவலி, வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிற்றுவலி. பெரும்பாலும் லேசானவை, நிறுத்தினால் போய்விடும். வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியல் வேறு. அது பெரும்பாலும், மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் பல வருடப் பதிவேடுகளில் ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கைந்து நோய் உள்ளவருக்குத்தான் கேஸ் மாத்திரையும் எழுதப்படுகிறது. பிறகு அவருக்குக் கிட்னி பழுதானால் பழி எதன் மேல்? மாத்திரையா, ஏற்கெனவே இருந்த சர்க்கரையா?

இதைப் பிரித்துப் பார்க்க உதவிய பெரிய சோதனை ஒன்று 2019-இல் வெளியானது. காம்பஸ் என்று பெயர். இதய நோயோ ரத்தக்குழாய் நோயோ உள்ள 17,598 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோல் 40, மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று ஏறக்குறைய மூன்று வருடம் கொடுத்தார்கள். எலும்பு முறிவு, நாள்பட்ட கிட்னி நோய், மறதி நோய், நிமோனியா எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வயிற்றுக் கிருமித் தொற்று மட்டும் கொஞ்சம் கூடுதல்: மாத்திரை போட்டவர்களில் 1.4 சதவீதம், போடாதவர்களில் 1.0 சதவீதம். அமிலம் ஒரு காவல்காரன், அவனைத் தூங்க வைத்தால் கிருமி சுலபமாக நுழையும் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. மூன்று வருடச் சோதனை பத்து வருடத்துக்குப் பதில் சொல்லாதுதான். ஆனாலும் என் பயம் பாதி இங்கேயே இறங்கிவிட்டது.

மீதிப் பாதி இறங்கக் கூடாது, அதற்கும் காரணம் உண்டு. வைட்டமின் பி12-ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் போடுபவர்களிடம் பி12 குறைபாடு கூடுதலாக இருந்ததை 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊருக்கு இது முக்கியம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவு. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். சைவம், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வீடுகள் எத்தனை! பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் ஒரு பி12 பரிசோதனையும் செய்து பார்ப்பது நல்லது.

மக்னீசியம் குறைவது அபூர்வம், ஆனால் தீவிரமானது. கெண்டைக்கால் இழுப்பு, படபடப்பு, முற்றினால் வலிப்புகூட வரலாம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் எச்சரித்தது. நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்த்துப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். கிட்னி விஷயத்திலும் உண்மையான ஒன்று உண்டு. ஒவ்வாமை மாதிரி கிட்னியில் திடீரென்று வரும் அழற்சி. எந்த நேரத்திலும் வரலாம், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்தியாவிலும் 2019-இல் பிரசோல் மாத்திரைகளின் குறிப்புத்தாளில் கிட்னி பாதிப்பைச் சேர்க்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது. ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கும்போதே கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

இந்தப் பட்டியலில் சேராத, ஆனால் என்னைப் பொறுத்தவரை முதலில் வர வேண்டிய பக்கவிளைவு ஒன்று இருக்கிறது: நிறுத்த முடியாமல் போவது. 2009-இல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல், பிறகு நான்கு வாரம் போலி மாத்திரை. மறுபாதிக்குப் பன்னிரண்டு வாரமும் போலி மாத்திரை. கடைசி நான்கு வாரங்களில், மருந்து நின்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு, அஜீரணம் என்று ஏதாவது ஒன்று வந்தது. மறுபாதியில் 15 சதவீதம். அதாவது நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை நிறுத்தினால் நோய் வந்த மாதிரி இருக்கிறது. மோட்டாரை முடக்கி வைத்திருந்த நாளெல்லாம் உடம்பு காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே போகிறது, விட்டதும் அமிலம் பொங்குகிறது. என் மூன்றாம் நாள் நெஞ்செரிச்சல் என் வயிற்றின் குணம் இல்லை, மாத்திரையின் வேலை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது.

அடுத்த வழி, கடைக்காரர் சொன்னது: "சாதா பான் கேக்கலைன்னா டி போட்ட பான் எடுத்துப் பாருங்க சார். இல்லேன்னா எல்." மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை எழுத்தை நாம் யாரும் கவனிப்பதில்லை. டி என்றால் டோம்பெரிடோன். எல் என்றால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. இரண்டும் இரைப்பையை வேகமாகக் காலி செய்ய வைப்பவை, இரண்டும் டோபமின் என்ற, நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் ரசாயனத்தைத் தடுத்து வேலை செய்பவை.

எங்கள் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாப்பிட்டதும் வயிறு உப்புசம் என்று ஒரு வருடமாக எல் சேர்ந்த கேப்சூல். மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது விடிகாலையில் வாசலில் குனிந்து இழைக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் நூல் பிடித்த மாதிரி வருகிற கோடு அன்று அலை அலையாக இருந்தது. "என்னன்னு தெரியலடா, கை கேக்க மாட்டேங்குது" என்றார். டபராவிலிருந்து காபியை ஆற்றும்போது தளும்பியது. நடையும் சின்னச் சின்ன அடியாகிவிட்டிருந்தது. எல்லாரும் பார்க்கின்சன்ஸ் என்றே முடிவு செய்துவிட்டோம். நரம்பியல் மருத்துவர் கையைப் பார்க்கும் முன் கேட்டது: "என்னென்ன மாத்திரை போடறீங்க? அட்டையோட காட்டுங்க." பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பியதும் ஒரே ஒரு அட்டையைத் தனியே தள்ளி வைத்தார். அதை நிறுத்தி மூன்று மாதத்தில் நடுக்கம் முக்கால்வாசி போனது. எல்லாருக்கும் இப்படிப் போய்விடும் என்று சொல்ல முடியாது. சிலருக்குத் தங்கிவிடுவதும் உண்டு.

லெவோசல்பிரைடு மனநோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. கை நடுக்கம், உடல் விறைப்பு, வாய் தானாகக் கோணுவது எல்லாம் அந்தக் குடும்பத்துப் பக்கவிளைவுகள்தான், வயதானவர்களுக்கும் நீண்ட நாள் போடுபவர்களுக்கும் அதிகம். டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, அதனால் நடுக்கம் குறைவு. ஆனால் அது இதயத்தின் மின்துடிப்பைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும் என்று சுருக்கி, நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்றது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடையாது. நம் ஊரில் பான்டோபிரசோலோடு அதே 30 மில்லிகிராமைச் சேர்த்து வருகிற கேப்சூலை வருடக்கணக்கில் போடுகிறார்கள். இரண்டுமே புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, பால் சுரப்பது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது என்றெல்லாம் வரும்போது கேஸ் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

எனவே எனக்கு வேண்டாம் என்று முதலில் தள்ளியது இந்த வழியைத்தான். ஊர் முழுக்கச் சாதா பானைப் பார்த்துப் பயப்படுகிறது. பயப்பட வேண்டியது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துக்கு.

ஃபாமோடிடினுக்கு மாறலாமா? நிறையப் பேருக்கு இந்த வகையில் தெரிந்தது ரானிடிடின்தான், வெறும் ரான்டாக், ஜினிடாக் என்று கேட்டு வாங்குவார்கள். அதில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் அபாயமுள்ள பொருள் இருப்பது 2019-இல் தெரிந்தது. நாளாக ஆக, சூடு ஏற ஏற மாத்திரைக்குள்ளேயே அது கூடுகிறது என்பதால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியா 2022-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைகளை நினைத்துப் பார்த்தால், மாற்று இருக்கும்போது இது எதற்கு என்றுதான் தோன்றுகிறது. ஃபாமோடிடினில் அந்தச் சிக்கல் இல்லை. பக்கவிளைவுகளும் சாதுவானவை: தலைவலி, தலைசுற்றல், சிலருக்கு மலச்சிக்கல். கிட்னி பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் முதியவர்கள் குழம்பிப் பேச ஆரம்பிப்பார்கள். இதன் பெரிய குறை வேறு. தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிக்கொண்டு வேகம் குறைந்துவிடும். அதனால் தினசரிக்கு இல்லை, கல்யாண விருந்து, ராத்திரி பரோட்டா மாதிரி எப்போதாவது வரும் எரிச்சலுக்கு நல்லது.

ஆன்டாசிட்டில் எளிய கணக்கு ஒன்று உண்டு: அலுமினியம் மலத்தைக் கட்டும், மக்னீசியம் இளக்கும். அதனால்தான் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். கிட்னி நோயாளிகளுக்கு இரண்டும் உடம்பில் தங்கிவிடும், கேட்காமல் குடிக்கக் கூடாது. ஈனோ மாதிரிப் பொங்கும் உப்பில் 5 கிராம் பொட்டலத்துக்கு ஏறக்குறைய 0.8 கிராம் சோடியம். ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. இருக்கிறவர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ராத்திரி இதைக் கலக்கிக் குடித்தால் என்ன பயன்? கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் சிரப் கொஞ்சம் வேறு மாதிரி. பால் மேல் ஆடை படிவதுபோல் இரைப்பையில் மிதந்து எதுக்களிப்பை மறிக்கிறது. சாப்பிட்ட பின் குடித்தால் நன்றாகக் கேட்கும். அதிலும் சோடியம் உண்டு.

ஆன்டாசிட்டின் உண்மையான தொல்லை, மற்ற மாத்திரைகளை அது உடம்பில் சேரவிடாது என்பது. இரும்புச்சத்து மாத்திரைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ, ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். பிரசோலும் தைராய்டு மாத்திரை சேர்வதைக் கொஞ்சம் குறைக்கும். எங்கள் அக்காவுக்கு டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) திடீரென்று ஏறியபோது மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். யாரும் கேட்காத கேள்வி, புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்பது.

வோனோபிரசான் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஜப்பானில் 2015 முதல் விற்பனையில் உள்ளது. சாப்பாட்டுக்கு முன்தான் என்ற கட்டாயம் இல்லை, வேகமாகவும் வலுவாகவும் அடக்கும். காஸ்ட்ரினை இன்னும் அதிகமாக ஏற்றும் என்பதால், பத்துப் பதினைந்து வருடம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் காலம் போக வேண்டும். என் அளவு எரிச்சலுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. எதுக்களிப்பைத் தடுக்கச் செய்யும் அறுவை சிகிச்சையும் அப்படியே. அதற்குப் பின் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பித் தவிப்பவர்கள் உண்டு.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு வயிற்று டாக்டரிடம் போனேன். தாளை வாங்கி மடித்து ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். எதற்காக ஆரம்பித்தீர்கள்? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? விழுங்கச் சிரமம், எடை குறைவு, கருப்பு மலம், ரத்தசோகை ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றிருந்தால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் பேச்சே இல்லை என்றார். உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், அதன் உள்படலம் மாறியவர்கள், ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்த்துப் போடும் வயதானவர்கள் இவர்களெல்லாம் பக்கவிளைவுக்குப் பயந்து நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரத்தக்கசிவே வரலாம். (க்ளோபிடோக்ரல் போடுபவர்கள் ஒமிபிரசோல், எசோமெப்ரசோல் தவிர்க்க வேண்டும், பான்டோபிரசோல் பரவாயில்லை.) அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2022-இல் சொன்னதும் இதே மாதிரிதான்: தேவை இல்லை என்றால் நிறுத்துங்கள், பக்கவிளைவு பயத்தால் நிறுத்தாதீர்கள். எனக்குத் தேவை இடுப்போடு போய்விட்டது.

40-ஐ 20 ஆக்கி இரண்டு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் ஆல்ஜினேட், தாங்காவிட்டால் ஒரு ஃபாமோடிடின். போடுகிற நாளில் இட்லிக்கு அரை மணி முன்னால். அதுவரை நான் இட்லியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன், அதில் வேலை கொஞ்சம் குறைந்திருக்கலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தினேன். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும், வயிறு மடிந்து எதுக்களிப்பு இன்னும் கூடும். முதல் ராத்திரி மனைவி கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போய், பாதி ராத்திரியில் எழுந்து ஹாலில் பாய் விரித்துவிட்டாள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது, ஒன்பதரை மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தது, இரண்டில் எது அதிகம் உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நிறுத்திய இரண்டாம் வாரம் படு மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தொண்டையில் புளிப்பு ஏற, பேசாமல் டப்பாவைத் திறந்துவிடலாமா என்று நினைத்த நாட்கள் நான்கைந்து. டென்மார்க் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் திறந்திருப்பேன். ஐந்தாம் வாரம் அது தானாக அடங்கியது. டப்பாவில் ஃபாமோடிடின் அட்டை ஒன்று இருக்கிறது, பத்தில் ஆறு மீதி. கடைசியாகப் பிய்த்தது தீபாவளிக்கு மறுநாள்.